ஒரு நூலுக்கு எத்தனை புள்ளி

செல்போன் கடையில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "இருக்கதுலயே கேமராவுக்குப் பெரிய நம்பர் எதுல போட்டிருக்கு?" கடைக்காரர் கண்ணாடி அலமாரிக்குள் கையை விட்டு ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். பெட்டியின் மேல் நூற்றெட்டு மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நூற்றெட்டு! கோயிலில் தேங்காய் விடலை போடுகிற கணக்கு. வேறு எதையும் விசாரிக்கவில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டேன்.

அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதற்கு என் தொழிலும் ஒரு காரணம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் துணியைப் பார்த்து பாஸ் பண்ணுகிற வேலை எனக்கு. காயத்துக்குக் கட்டுகிற துணி கொசுவலை மாதிரி சல்லாவாக இருக்கும். அதை மேசையில் விரித்து, கவுண்டிங் கிளாஸ் என்று நாங்கள் சொல்லும் மடக்குப் பூதக்கண்ணாடியை மேலே வைப்பேன். அதன் அடியில் சரியாக ஓர் அங்குலச் சதுரம் தெரியும். அந்தச் சதுரத்துக்குள் ஊசி முனையால் நூலை எண்ணுவேன். நெடுக்கில் ஓடுவது பாவு, குறுக்கில் ஓடுவது ஊடை. பாவு பத்தொன்பதும் ஊடை பதினைந்தும் இருந்தால் கையெழுத்துப் போடுவேன். இருபது வருஷமாக இதே வேலை. எண்ணிக்கை கூடினால் துணி உசத்தி, குறைந்தால் மட்டம் என்று ஊறிப்போன புத்தி, கேமராவுக்கும் அதே சட்டம்தான் என்று நினைத்துக்கொண்டது.

வீட்டில் என் வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அங்கே சிவன் கோயிலில் முகூர்த்த நாளைக்குக் கல்யாணம் வரிசை கட்டி நிற்கும், அவருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. அவருடைய கேமராவில் போட்டிருப்பது வெறும் இருபத்துநாலு. அதுவும் பழசு, கைப்பிடி ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது.

"ஏட்டி, புள்ளி எம்புட்டு இருந்து என்ன செய்ய? ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் கெடைக்கணும்ல? இந்தப் போனுக்குள்ள இருக்க வெளிச்சம் வாங்குற சில்லு ஒன் சுண்டுவிரல் நகத்தவிடச் சின்னது. ஒத்தை ரூம்புல நூத்தெட்டுப் பேரைக் குடிவச்ச மாதிரில்லா இருக்கு!"

"ஒங்க கேமரா பழசு. அந்தப் பொறாமை ஒங்களுக்கு."

"சரி, மாடிக்கு வா. ரெண்டு பேரும் கோபுரத்த எடுப்போம். பொறவு பேசு."

ஏறினோம். சாயங்கால வெயில் ஆண்டாள் கோயில் கோபுரத்தின் மேல் நன்றாக விழுந்திருந்தது. இரண்டு பேரும் எடுத்தோம். அவருடைய படத்தைப் பெரிதாக்கினால் உச்சியில் கலசங்கள் தனித்தனியாக நின்றன, ஒவ்வொன்றிலும் வெயில் பட்டு மின்னியது. என் படத்தில் கலசமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெயிலில் வைத்த வெல்லக்கட்டி போல இளகிக் கிடந்தது. ஓரங்களில் வேறு யாரோ அழிரப்பர் வைத்துத் தேய்த்தது மாதிரி இருந்தது.

"மேகமூட்டமா இருக்கு, அதான்" என்றேன்.

"எங்க மேகம்?" என்று அவர் வானத்தைப் பார்த்தார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான் கீழே இறங்கிவிட்டேன். கட்டின மனுஷன் சொல்வதை முதல் தடவையே ஒத்துக்கொள்கிற பழக்கம் என்னிடம் கிடையாது.

எனக்கு எதற்குப் போன் கேமரா என்று கேட்கலாம். எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள். துணியை வெளுக்கப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது மொத்தமாக வந்து இறங்கும் ஒவ்வொரு தொகுதித் துணிக்கும், போட்டோ அனுப்ப வேண்டும் என்று அவர்களுடைய நிபந்தனை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பாஸ் பண்றது நீ, போட்டோவும் நீயே எடுத்துரும்மா" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெருமையில்தான் போன் வாங்கினேன்.

முதல் வாரம் படம் நன்றாகத்தான் வந்தது. இரண்டாவது வாரம் எல்லாப் படத்திலும் பனி விழுந்த மாதிரி ஒரு மங்கல். வந்ததே கோபம்! மதிய இடைவேளையில் கடைக்கே போய் நின்றேன். "ஏமாத்திட்டீங்களே! நூத்தெட்டுன்னு எழுதி ஓட்டைக் கேமராவக் குடுத்திருக்கீங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். கடைக்காரர் போனை வாங்கித் திருப்பினார், சட்டை நுனியால் கேமராக் கண்ணாடியை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தார், என் முகத்துக்கு நேரே ஒரு படம் எடுத்துக் காட்டினார். என் மூக்குத்திக் கல் அப்படியே ஜொலித்தது.

பஞ்சு. எங்கள் கம்பெனியில் காற்றோடு பஞ்சும் பறக்கும். தலைமுடியில், புருவத்தில், டீயில் கூட மிதக்கும். அது கண்ணாடியில் படிந்திருக்கிறது, அதன் மேல் என் கைரேகை எண்ணெய் வேறு சேர்ந்து பசை போட்டிருக்கிறது. "மில்லுல வேலயாக்கா?" என்று மட்டும் அவர் கேட்டார். ஆமாம் என்று முனகிவிட்டு வந்தேன். இந்தச் சங்கதியை வீட்டில் மூச்சுவிடவில்லை.

அதற்கப்புறம் படம் எடுப்பதற்கு முன்னால் முந்தானையால் கண்ணாடியைத் துடைப்பது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் சத்திரப்பட்டிக்காரியின் லாட்டு வந்தது.

சத்திரப்பட்டி ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் விசைத்தறி ஓடுகிற கிராமம். எங்கள் கம்பெனி நூல் கொடுக்கும், அங்கே நெய்து தருவார்கள். இந்தப் பெண் அதுவரைக்கும் வேறொருவர் தறியில் கூலிக்கு ஓட்டியவள். இப்போது அவளும் புருஷனுமாகச் சேர்ந்து சொந்தமாக ஆறு தறி போட்டிருந்தார்கள். எங்களிடம் நேரடியாக நூல் வாங்கி நெய்த முதல் லாட்டு அது. முதலாளி முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "மொத லாட்டு நல்லாயிருந்தா தொடர்ந்து நூல் குடுப்போம். சொத்தையா வந்தா அதோட சரி." அவளுக்கும் அது தெரியும். துணியை இறக்கிவிட்டுப் போகும்போது என்னைப் பார்த்து, "அக்கா, நல்லாப் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பார்த்தேன். பத்து இடத்தில் கண்ணாடி வைத்து எண்ணினேன். பாவு பத்தொன்பது, ஊடை பதினைந்து, ஓரம் பிசிறில்லாமல் இருந்தது. புதுத் தறிக்காரி நெய்த துணியா இது என்று எனக்கே சந்தோஷம். கையெழுத்துப் போட்டேன். வழக்கம்போல நாலடி அகலத்தையும் மேசையில் முழுசாக விரித்தேன். எங்கள் கம்பெனியில் துணியைப் பார்ப்பது என்றால் ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் விரித்துத்தான் பார்க்க வேண்டும், மடித்துப் பார்த்தால் முதலாளிக்குப் பிடிக்காது. அதே வழக்கத்தில் ஸ்டூல் மேல் ஏறி நின்று முழு அகலமும் வருகிற மாதிரி மேலிருந்து படம் எடுத்தேன். மெசேஜ் ஆப்பில் ஆபீசுக்கு அனுப்பினேன். அவர்கள் அதை அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் நான் உள்ளே நுழையும்போதே முதலாளியின் குரல் வாசல் வரைக்கும் கேட்டது. அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் தமிழ்தான் பேசுவார், கோபம் தலைக்கேறினால் மட்டும் தெலுங்கு வந்துவிடும்.

"ஏமிட்டம்மா இதி? இதைத்தான் பாஸ் பண்ணுனியா?"

கம்ப்யூட்டர் திரையில் என் படம் இருந்தது. துணி முழுவதும் அலை. கண்மாய்த் தண்ணீரில் காற்று அடித்தால் நெளியுமே, அப்படி வளைந்து வளைந்து பட்டையாக ஓடியது. நூல் கோணலாக இருக்கிறது, இந்த லாட்டு வேண்டாம், வேறு தறியில் நெய்து அனுப்புங்கள் என்று கீழே எழுதியிருந்தார்கள். மடிக்கிற பிரிவுப் பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். இருபது வருஷத்தில் நான் பாஸ் பண்ணின துணி திரும்பி வந்ததில்லை.

எனக்கு ரோஷம் வந்தால் புத்தி பின்வாசல் வழியாகப் போய்விடும். துணி பின்னால் குடோனில் இருக்கிறது, நூறு அடி நடந்தால் போதும். நடந்தேனா? இல்லை. நின்ற இடத்திலிருந்தே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா துணி நெஞ்சு வச்சிருக்க? ஊடை பூராம் வளைஞ்சு கெடக்கு! ஒன்னால எம் மானம் போச்சு!"

அந்தப் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவில், "அப்படியாக்கா? நா பாக்கேன்க்கா" என்றாள். அவ்வளவுதான். ஒரு எதிர்ப்பேச்சு இல்லை.

போனை வைத்த பிறகுதான் குடோனுக்குப் போனேன். துணியை விரித்தேன். நூல் போட்டது போட்டபடி நேராகக் கிடந்தது. அலையைக் காணோம். கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், உருளையைப் பாதிவரைக்கும் பிரித்து உள்ளேயும் பார்த்தேன். எங்கும் நேர்தான். அப்படியென்றால் அந்தப் படத்தில் இருந்தது என்ன? ஒரு வேளை இன்னும் உள்ளே இருக்குமோ, எனக்குத்தான் கண் மங்கிவிட்டதோ என்றெல்லாம் யோசனை. அப்போதே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, கொஞ்சம் பொறு, துணி நன்றாகத்தான் தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏசிய வாயால் உடனே இறங்கிப் பேச வரவில்லை. முழுசாகத் தெரிந்த பிறகு சொல்லிக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன்.

முதலாளியிடம் போய், "துணி நேராத்தான் இருக்கு சார்" என்றேன். "போட்டோ என்ன பொய்யா சொல்லும்?" என்று கேட்டார். "நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் டைம். அதுக்குள்ள ஒண்ணும் தேறலைன்னா துணியத் திருப்பி அனுப்பிரு. அந்தப் பொண்ணுக்கு நூலும் இனிமே கெடையாது" என்றார்.

அன்றைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஸ்டூடியோவுக்குள் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குத் தலைமுடியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். என் மூஞ்சியைப் பார்த்ததும் கேலி செய்யவில்லை. "என்னட்டி ஆச்சு?" என்றார். போனை நீட்டினேன்.

ஆபீசுக்கு அனுப்பிய படத்தை முதலில் பார்த்தார். பெரிதாக்கினார். அலை அப்படியே இருந்தது. பிறகு என் போனிலேயே இருந்த மூலப்படத்தைத் திறந்து, அதே இடத்தைப் பெரிதாக்கினார். நூல் நூலாக, கம்பி கட்டினது மாதிரி நேராக நின்றது.

"ரெண்டும் ஒரே படந்தான?"

"ஒரே படந்தான்."

"அப்ப துணியில ஒண்ணுமில்ல. அனுப்புன வழியில அலை விழுந்திருக்கு" என்றார். "ஒன் ஆப்பு படத்தச் சுருக்கித்தான் அனுப்பும். ஓரத்துக்கு ஓரம் எத்தனை பாவு நூல் இருக்கும், சொல்லு."

அங்குலத்துக்குப் பத்தொன்பது, நாற்பத்தெட்டு அங்குலம். மனக்கணக்கில் சொன்னேன்: "தொள்ளாயிரத்துச் சொச்சம்."

"ஒன் போன் நூத்தெட்டுன்னு பேரு வச்சிருக்கே, அது சாதாரணமா ஒம்பது புள்ளியச் சேத்து ஒரு புள்ளியாக்கித்தான் படம் குடுக்கும். கைக்கு வாரது பன்னெண்டு மெகாபிக்சல்தான்." எனக்குச் சுருக்கென்றது. நூற்றெட்டுத் தேங்காயில் பன்னிரண்டுதான் தேறியது! "அந்தப் பன்னெண்டுல, ஓரத்துக்கு ஓரம் நாலாயிரம் புள்ளி இருக்கு. தொள்ளாயிரம் நூலுக்கு நாலாயிரம் புள்ளி. ஒரு நூலுக்கு எத்தனை?"

"நாலு. நாலுக்கும் மேல."

"நல்லாத் தெரியுது. அத ஆப்பு ஆயிரத்தறநூறு புள்ளியாச் சுருக்கிருச்சு. இப்ப?"

"ரெண்டுகூட இல்ல."

"நூலுக்கு ஒண்ணு, நூலுக்கு நடுவுல இருக்க சந்துக்கு ஒண்ணு, கொறஞ்சது ரெண்டு புள்ளி வேணும்ட்டி. அதுக்குக் கீழ போனா எது நூலு எது சந்துன்னு தெரியாமக் குழம்பி, இல்லாத அலையப் போட்டுரும். கல்யாணத்துல மாப்பிள்ளை பொடிக்கட்டம் போட்ட சட்டையில வந்தா எனக்கும் இதே தலைவலிதான்."

எனக்குப் புரிந்தது. முதல் தடவையாக அவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டேன், அதற்கு அவரே பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஆனால் ஒரு சிக்கல். எனக்குப் புரிந்து என்ன செய்ய? முதலாளிக்குப் புள்ளி, ஆப்பு எல்லாம் காதில் ஏறாது. அவர் துணியோடு பிறந்து துணியோடு வளர்ந்தவர், துணி சொன்னால்தான் நம்புவார். மறுநாள் காலை வேலைக்குப் பஸ்ஸில் போகும்போதும் அதே யோசனைதான்.

கம்பெனிக்குள் மடிக்கிற பிரிவைத் தாண்டிப் போகிறேன். அங்கே ஒரு பெண் வெளுத்த துணியை இரண்டு மடிப்பாகப் பிடித்து ஜன்னலுக்கு நேரே உதறினாள். துணியில் அலை ஓடியது! நான் அப்படியே நின்றுவிட்டேன். இதை இருபது வருஷமாக நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சல்லாத் துணி இரண்டு மடிப்பாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வெளிச்சத்தில் அலை தெரியும், மடிப்பை நகர்த்தினால் அலையும் நகரும். இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. தூக்கத்தில் தட்டியெழுப்பின மாதிரி எனக்கு உறைத்தது. கேமராவுக்குள்ளும் ஒரு துணி இருக்கிறது! புள்ளி வரிசைகள் நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடுகின்றன, அதற்கும் பாவும் ஊடையும் உண்டு. படம் சுருங்கியபோது அந்த வரிசையும் எங்கள் நூல் வரிசையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன.

"ஏட்டி, அதக் குடு!" என்று பிடுங்கினேன். அந்தப் பெண் மிரண்டுபோய், "ஏன்க்கா, அழுக்காயிருச்சா?" என்றாள். மடிப்பை ஒரு தடவை நகர்த்திப் பார்த்துவிட்டு, துணியை அவளிடமே கொடுத்துக் குடோனுக்கு ஓடி, சத்திரப்பட்டித் துணியில் முழ நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

"சார், இதப் பாருங்க." ஒரு துண்டை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். "நேரா இருக்கா?"

கிட்டே வந்து பார்த்தார். "நேராத்தான் இருக்கு."

இரண்டாவது துண்டையும் தனியாகக் காட்டினேன். "இது?"

"இதுவும் நேராத்தான் இருக்கு. என்னம்மா வெளையாடுதியா?"

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து லேசாகத் திருப்பினேன். ஜன்னல் முழுக்க அலை எழுந்தது. கம்ப்யூட்டரில் பார்த்த அதே அலை.

"இப்ப சொல்லுங்க சார், இதுல எந்தத் துணி வளைஞ்சிருக்கு?"

அவர் என் கையிலிருந்து வாங்கித் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் திருப்பத் திருப்ப அலை பெரிதாகிச் சின்னதாகிக் கடைசியில் காணாமல் போனது. "அட, இதி தெலிசிந்தே கதா!" என்றார், தெரிந்த விஷயமாயிற்றே இது என்று. தெலுங்கு வந்துவிட்டது, ஆனால் இந்தத் தடவை சிரித்துக்கொண்டே வந்தது. "சரி, கேமராவுக்குள்ளயும் துணி இருக்குன்னு சொல்ல வார. அவங்களுக்கு எப்படிப் புரிய வைப்ப?"

"அலை விழாத படமா எடுத்து அனுப்புதேன் சார்."

இந்தத் தடவை ஸ்டூல் ஏறவில்லை. துணிக்கு அடியில் கறுப்பு சார்ட் தாளை விரித்தேன், அப்போதுதான் வெளுக்காத நூலும் எடுப்பாகத் தெரியும். பக்கத்தில் ஸ்கேலை வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுகிற மாதிரி மேசையை இழுத்துப் போட்டேன். கேமராக் கண்ணாடியைத் துடைத்தேன். கை ஆடாமல் இருக்க முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, மூன்று அங்குலம் மட்டும் தெரிகிற அளவுக்குக் கிட்டே போய் எடுத்தேன். இடது ஓரம், நடு, வலது ஓரம், உருளையின் தொடக்கம், உட்புறம் என்று பதினைந்து படம். இப்போது ஒரு நூலுக்கு ஐம்பது புள்ளிக்கு மேல் கிடைக்கும். ஆப்பில் போடாமல் சுருக்காத கோப்பாகவே ஆபீஸ் மெயிலில் அனுப்பச் சொன்னேன். கூடவே இரண்டு துண்டுத் துணியை ஜன்னலில் வைத்துத் திருப்புகிற வீடியோ ஒன்றும். அதில் என் கையும் கண்ணாடி வளையலும் மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பதில் வந்தது. நூல் சரியாக இருக்கிறது, லாட்டை வெளுக்கப் போடலாம், இனிமேல் எல்லா லாட்டுக்கும் இதே மாதிரிக் கிட்டத்தில் எடுத்தே அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஆபீசில் எழுத்தர் அதை வாசித்தபோது நான் கைதட்டிவிட்டேன். முதலாளி எல்லோருக்கும் டீயும் வடையும் வரவழைத்தார். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "ஒங்க கணக்கு செல்லுபடியாயிருச்சு" என்றேன். "இன்னிக்கே மாடிக்கு வந்து மேகமூட்டம் இல்லன்னு ஒத்துக்கிடுதியா?" என்று கேட்டார். வைத்துவிட்டேன்.

சத்திரப்பட்டிக்காரிக்கும் போன் போட்டேன். மணி அடித்து நின்றுவிட்டது. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. இன்னும் ஏசுவேன் என்று பயந்திருப்பாள். அடுத்த நாள் காலையில் அவளே நேரில் வந்துவிட்டாள். துணியைத் திருப்பி வாங்கிப் போகத்தான் வந்திருக்கிறாள். கையில் சாக்கும் கட்டுக்கயிறும் இருந்தன. முகம் வாடியிருந்தது.

"இங்க வா" என்று அவளை ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். உட்கார மாட்டேன் என்று நின்றாள். பிடித்து அமுக்கி உட்கார வைத்தேன். புதிதாக எடுத்த படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். ஒவ்வொரு நூலும் கயிறு கனத்துக்குத் திரையில் நின்றது. நூலின் முறுக்கு தெரிந்தது, முறுக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சின்னச் சின்னப் பஞ்சு இழைகூடத் தெரிந்தது.

"அக்கா, இது யார் துணி?"

"ஒன்னுதுதான்."

அவள் நம்பவில்லை. திரையில் தெரிந்த ஸ்கேலின் முதல் கோட்டில் நகத்தை வைத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டே போனாள். அடுத்த அங்குலக் கோட்டில் நகம் நின்றது. "பத்தொம்பது" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. "இம்புட்டு நேராவா நெஞ்சிருக்கேன்!"

"நேராத்தான் நெஞ்சிருக்க. லாட்டு பாஸாயிருச்சு. அடுத்த லாட்டுக்கு நூலும் எடுத்து வச்சாச்சு."

"அப்ப கோளாறு எதுல இருந்துச்சுக்கா?"

"நா எடுத்த போட்டோவுல."

அவள் திரையிலிருந்து நகத்தை எடுத்தாள். பிறகு குறை சொல்கிற தொனி இல்லாமல், நடந்ததைச் சொல்கிற மாதிரியே சொன்னாள்:

"நீங்க போன் போட்டதுல இருந்து ஆறு தறியும் நிக்குதுக்கா. எங்க வீட்டுக்காரவிய ஒவ்வொண்ணாக் கழத்திப் பாத்தாவ. ஒண்ணுலயும் கோளாறு கெடைக்கல. தறி நல்லாத்தான இருக்கு, அந்தம்மாகிட்டப் போயி இன்னொருவாட்டி கேட்டுப் பாருன்னு சொன்னாவ. நாந்தான் சண்டை போட்டேன். அக்கா பாத்துச் சொல்லிட்டாவன்னா அது தப்பா இருக்காது, நம்ம தறியிலதான் எங்கயோ இருக்கு, இன்னும் தேடுங்கன்னுட்டேன்."

ஆறு தறி, இரண்டு நாள். நல்லாயிருக்கிற தறியை, நான் சொன்ன ஒரு சொல்லுக்காகக் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். நான் நூறு அடி நடந்து துணியைப் பார்க்கவில்லை. பார்த்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. இவள் என்னை நம்பித் தன் புருஷனோடு சண்டை போட்டிருக்கிறாள்.

"நா பாக்கலம்மா" என்றேன். "பாக்காமத்தான் ஒன்னை ஏசுனேன். பொறவு பாத்தேன், துணி நேராத்தான் இருந்துச்சு. அப்பவும் ஒனக்குச் சொல்லல. தப்பு அம்புட்டும் எம்மேலதான். என்னை மன்னிச்சிக்கோ."

மடிக்கிற பிரிவில் கைகள் நின்றுவிட்டன. முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தக் கம்பெனிக்குள் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. எனக்கு அது வெட்கமாக இல்லை, பாரம் இறங்கினது மாதிரித்தான் இருந்தது.

அவள் பதறிப்போய் எழுந்துவிட்டாள். "ஐயய்ய, என்னக்கா பெரிய பேச்செல்லாம் பேசுதீங்க" என்றாள். நூல் பைகளைச் சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்தாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டு பேருமாக வாசலில் நின்ற வண்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினோம். வண்டி கிளம்பப் போகும்போது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை அடுத்த லாட்டு கொண்டாரேன்க்கா. போட்டோவெல்லாம் பொறவு எடுத்துக்கிடுங்க. மொதல்ல நீங்க பாருங்க."